மலைவீட்டில் இரண்டு நாள்: யாருக்கு என்ன லாபம்?

சனி, ஞாயிறோடு ஒரு திங்கட்கிழமை விடுமுறையும் சேர்ந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் வண்டிகள் வரிசை கட்டிவிடும். காருக்குள் தாத்தா பாட்டி உட்பட ஒரு குடும்பம், பின்னால் கம்பளிகளும் பேட்மின்டன் மட்டைகளும் புளியோதரைத் தூக்கும். மேலே வாடகைக்குப் பிடித்த ஒரு காட்டேஜ் காத்திருக்கும். வசதி உள்ளவர்களுக்குச் சொந்த வீடே இருக்கும். காலையில் ஏரியைச் சுற்றி நடை, பகலில் படகு, குதிரை, சைக்கிள், இரவில் முற்றத்தில் கணப்பு. திங்கள் மதியம் அதே வரிசை கீழே இறங்கும்.

இப்படிப் போய்வருவது மனிதருக்கு என்ன தருகிறது என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லிவந்திருக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்றார்கள். அதிகாரத்தின் அடையாளம் என்றார்கள். மனத்துக்கு மருந்து, குடும்பத்தை ஒட்டவைக்கும் பசை என்றார்கள். மலைக்கே கேடு என்ற பதில் கடைசியாக வந்தது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இங்கே நோக்கம். நீலகிரி, பழனி மலை ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை ஆகியவற்றின் கதை வேறு.

காற்று மருந்தாக இருந்த காலம்

முதல் பதில் மருத்துவர்களுடையது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் முதலில் தங்கினார். பிறகு ஊட்டியில் அவர் 1822-இல் தொடங்கிய வீட்டை ஊரார் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. மலைக்குப் போனால் உடல் தேறும் என்பதற்கு அக்கால ஐரோப்பிய மருத்துவம் ஒரு விளக்கம் வைத்திருந்தது. சதுப்பிலும் அழுகலிலும் இருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம். உயரத்தில் அந்தக் காற்று இல்லை. ஆகவே 2,200 மீட்டர் உயரமே ஒரு மருந்து. சென்னை அரசாங்கம் நோயுற்ற சிப்பாய்களையும் அதிகாரிகளையும் ஊட்டிக்கு அனுப்பியது இந்த நம்பிக்கையில்தான்.

கொடைக்கானலின் கதை இன்னும் துலக்கமானது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பக்கத்திலிருந்த சிறுமலையில் ஓய்விடம் அமைத்துப் பார்த்தார்கள். உயரம் குறைந்த அந்த மலையில் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் பழனி மலை உச்சியில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். ஊர் அங்கிருந்து தொடங்குகிறது. வண்டிப் பாதை வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை பெரியகுளம் பக்கத்துச் சரிவில் குழந்தைகளையும் பெண்களையும் டோலியில் வைத்துச் சுமந்து ஏற்றியவர்கள் கீழ்நாட்டுக் கூலியாட்கள். அவர்கள் உடல்நலம் தேறியதா என்று எந்த மருத்துவக் குறிப்பும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சிறுமலை அனுபவமே இந்தக் கோட்பாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. உயரம் உண்மையில் பயன் தந்தது, ஆனால் அவர்கள் நினைத்த காரணத்தால் அல்ல. ரொனால்ட் ரோஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது கெட்ட காற்றுக் கொள்கையின் அடித்தளம் சரிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் ஊட்டிக்கு வந்திருந்தார். மலையின் வடசரிவில் சீகூர் பகுதிக்குக் காய்ச்சலை ஆராயப் போய்த் தானே மலேரியாவோடு திரும்பினார். உச்சியின் குளிரில் கொசுவும் கிருமியும் பெருக முடிவதில்லை. சரிவின் வெப்பத்தில் பெருகும். ‘மலைக்காற்று’ செய்ததாகச் சொல்லப்பட்ட வேலையில் பெரும்பகுதி கொசு இல்லாமையும், கலங்காத ஊற்றுநீரும், மே மாத வெயிலிலிருந்து தப்பியதும் செய்த வேலை.

அந்தக் காலத்திலேயே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நோய் விடுப்பில் 1847-இல் ஊட்டி வந்த ரிச்சர்ட் பர்ட்டன், 1851-இல் வெளியிட்ட பயண நூலில் அந்த ஊர் வாழ்வின் சலிப்பைக் கிண்டலடித்துத் தள்ளினார். குளிர்ந்த ஊரில் செய்ய ஒன்றுமில்லாமல் இருப்பதும் ஒரு நோயே என்ற அவர் கட்சிக்கு அதிக ஆள் சேரவில்லை. ‘மலைக்காற்று பட்டால் சளி தேறும்’ என்ற வாக்கு மட்டும் மருத்துவம் கைவிட்ட பிறகும் நம் வீடுகளில் தங்கிவிட்டது.

ஆள்வோரின் மாடிவீடு

இரண்டாவது பதில் வரலாற்றாசிரியர்களுடையது. மலை வாசஸ்தலம் உடலைவிட அதிகாரத்துக்கே அதிகம் பயன்பட்டது என்பது அவர்கள் வாதம். டேன் கென்னடி 1996-இல் எழுதிய ‘தி மேஜிக் மவுண்டன்ஸ்’ இந்த நோக்கின் முக்கிய நூல். கீழே சமவெளியில் சிறுபான்மையாக வாழ்ந்த வெள்ளையர்கள், மேலே ஏரி, தேவாலயம், கிளப், ரோஜாத் தோட்டம் என்று தங்கள் ஊரை நகலெடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை அங்கேயே படிக்கவைத்தார்கள். கொடைக்கானலில் 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. கோடையில் சென்னை அரசாங்கமே ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. வேட்டை, குதிரையேற்றம், மீன்பிடித்தல் போன்ற வெளிப்புற விளையாட்டுகளும் ஆளும் இனத்தின் திடத்தைக் காட்டும் சடங்குகளாயின. கொடைக்கானலின் நட்சத்திர வடிவ ஏரியை 1863-இல் வெட்டுவித்தவர் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச். இன்று குடும்பங்கள் பெடல் படகு மிதிக்கும் இடம் அது.

இந்த விளக்கத்தில் நிறைய உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் இடறுகிறது. மலைவாசஸ்தலத்தை வெள்ளையர் தீவு என்று சொல்லும்போது, அங்கே எண்ணிக்கையில் மிகுந்திருந்த இந்தியர்கள், அதாவது சமையல்காரர், தோட்டக்காரர், கடைக்காரர், தேயிலைத் தொழிலாளர், பின்னணிச் சித்திரமாகிவிடுகிறார்கள். இதைக் கென்னடியே கவனித்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். மைசூர் மகாராஜாவுக்கு ஊட்டியில் ஃபெர்ன்ஹில் அரண்மனை இருந்தது. இந்தியச் செல்வர்களும் அதே ஆசையில்தான் ஏறினார்கள்.

1947-க்குப் பிறகு அதிகாரம் இறங்கிவிட்டது. கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு அந்தக் கோட்பாட்டில் பதில் இல்லை. மலர்க் கண்காட்சிக்கு வரும் திருப்பூர் பனியன் கம்பெனிக் குடும்பத்தை ஆதிக்கத்தின் எச்சம் என்று சொன்னால் அது விளக்கமாகாது. ஆனாலும் ஒன்று எஞ்சியிருக்கலாம்: மலையில் ஒரு வீடு என்பது இன்றும் அந்தஸ்து. சென்னையில் இரண்டு ஃப்ளாட் வைத்திருப்பவரைவிடக் கொடைக்கானலில் ஒரு காட்டேஜ் வைத்திருப்பவரை ஊர் ஒரு படி மேலே வைக்கிறது.

இவர்கள் எல்லாருக்கும் முன்பே மலையில் வீடு வைத்திருந்தவர்கள் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர், பழனி மலையில் பளியர். சங்கப் பாட்டின் குறிஞ்சியும் தினைப்புனம் காக்கும் இடம், வாழும் இடம். காற்று வாங்கப் போகும் இடம் இல்லை. மலையை ‘ஓய்விடம்’ என்று பார்க்கும் பார்வையே சமவெளிக்காரனுடையது. தோடர்களின் நில உரிமைக்காக வாதாடிய அதே சல்லிவன்தான் அங்கே பெரும் நிலங்களையும் வளைத்தார் என்பதில் அந்தப் பார்வையின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

பசுமை மனத்துக்கு என்ன செய்கிறது?

காற்றுக் கொள்கை போன இடத்தை இப்போது உளவியல் பிடித்திருக்கிறது. இதன் தொடக்கமாக அடிக்கடி சொல்லப்படுவது ரோஜர் உல்ரிச் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சிறு ஆய்வு. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வலிமாத்திரையும் குறைவாக எடுத்தார்கள். ஒப்பிடப்பட்டது 23 இணைகள் மட்டுமே. 1989-இல் ரேச்சல், ஸ்டீஃபன் கப்லான் தம்பதியர், நகர வேலை தேய்த்துவிடும் கவனத்தை இயற்கைச் சூழல் மீட்டுத் தருகிறது என்ற கோட்பாட்டை விரிவாக்கினார்கள். இன்று ஹோம்ஸ்டே விளம்பரங்களில் வரும் ‘மனசு ரீசார்ஜ்’ என்பதற்கெல்லாம் பாட்டன் இந்தக் கோட்பாடு.

இதில் நிற்பது எது? 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் பதில்களை வைத்து மேத்யூ வைட் குழு ஒரு முடிவைத் தந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், அறவே கழிக்காதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் கழிந்ததா, சிறு சிறு துண்டுகளாகக் கழிந்ததா என்பதால் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்ற எதிர்த்திசை விளக்கத்தை இத்தகைய ஆய்வால் முற்றாக விலக்க முடியாது. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் பூங்காவும் நம் ஊர்ப் பூங்காவும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆனாலும் அந்த முடிவு மலைவீட்டு வாதத்துக்கு ஒரு சங்கடம் தருகிறது. துண்டு துண்டாகவும் பயன் உண்டென்றால், கோவைக்காரருக்கு வாலாங்குளக் கரையில் தினம் இருபது நிமிடம் நடப்பதும், மாதம் ஒருமுறை ஊட்டிக்கு ஏறுவதும் ஒரே தராசில் வந்துவிடுகின்றன.

விடுமுறையைப் பற்றிய தனி ஆய்வுகள் இன்னும் கறாரானவை. யெசிகா தெ ப்ளூம் குழு 2009-இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விடுமுறை உடலுக்கும் மனத்துக்கும் சிறிதளவு நன்மை தருவதும், வேலைக்குத் திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது கரைந்துவிடுவதும் தெரிந்தது. நெதர்லாந்தில் 1,500-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து யெரூன் நவெய்ன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வேடிக்கையைக் காட்டியது. பயணம் போகப்போகிறவர்கள், போவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பிறகு, பயணம் மிக நிம்மதியாக இருந்தது என்றவர்களிடம் மட்டுமே கொஞ்ச நாள் அந்த மகிழ்ச்சி மிஞ்சியது; மற்றவர்களுக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

நம் சூழலில் வைத்துப் பார்த்தால் அந்த ‘மிக நிம்மதி’ எளிதாகக் கிடைப்பதாகத் தோன்றவில்லை. சென்னையிலிருந்து கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் விடுமுறையில் ஏறக்குறைய ஒன்றரை நாள் சாலையில் போய்விடும். வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் முன்வண்டியின் புகையைச் சுவாசித்தபடி நிற்கும் ஒரு மணி நேரத்தை எந்தக் கோட்பாடும் இயற்கைக் கணக்கில் சேர்க்காது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்குப் பள்ளத்தாக்கு கண்ணில் படுவதில்லை.

அடுப்பு யார் பங்கு?

குடும்பம் ஒட்டும் என்ற பதில் மேலே சொன்னவற்றைவிட இளையது. கூட்டுக் குடும்பம் கலைந்து, ஆளுக்கொரு ஊரில் வேலை என்றான பிறகு, சேர்ந்திருக்க ஓர் இடம் தேவைப்படுகிறது. விடுதி அறையைவிட வீடு அதற்குத் தோதானது: கூடம் உண்டு, முற்றம் உண்டு, பாட்டிக்குப் பாட்டுப் பாட இடமுண்டு. சேர்ந்து ஒரு புதிய காரியம் செய்யும் குடும்பங்களில் நெருக்கம் கூடுகிறது என்று ஓய்வுநேர ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. பெரும்பாலும் இவை பங்கேற்றவர்களே தந்த மதிப்பீடுகள் என்பதால் சற்றுத் தள்ளுபடி கொடுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் பெண்ணிய சமூகவியலிலிருந்து வந்தது. பிரிட்டனில் ரோஸ்மேரி டீம் 1986-இல் எழுதிய நூல், ஆண்களின் ஓய்வு பெண்களின் வேலைமேல் நிற்கிறது என்று காட்டியது. சமைத்து உண்ணும் விடுமுறையில், மனைவிக்கு அடுப்பு இடம் மாறுகிறதே தவிர அணைவதில்லை. நம் மலைவீட்டுச் சமையலறையைக் கொஞ்சம் பார்த்தால் இது விளங்கும். 2,100 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு எளிதில் வேகாது. வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோன இட்லி மாவு அந்தக் குளிரில் இரவெல்லாம் வைத்தாலும் பொங்காது; கம்பளியால் சுற்றி அடுப்பருகே வைக்க வேண்டும். வாடகை வீட்டின் மழுங்கிய கத்தி, தெரியாத சிலிண்டர், எட்டுப் பேருக்குக் காபி. ஆண்களும் பிள்ளைகளும் ஏரியைச் சுற்றிவிட்டு வரும்போது மேசையில் உப்புமா இருக்கும்.

இந்த எதிர்வாதமும் முழுமையானதல்ல. வீட்டு வேலையிலிருந்து விடுபடாவிட்டாலும் ஊர்ப் பார்வையிலிருந்தும் உறவுக் கண்காணிப்பிலிருந்தும் விடுபடுவதைப் பல பெண்கள் பெரிதாக மதிக்கக்கூடும். தமிழ்க் குடும்பங்களின் விடுமுறை வேலைப் பங்கீட்டை நேரமிட்டு அளந்த விரிவான ஆய்வுகள் வந்தால் பேச்சு தெளிவடையும். ஆண்கள் முறைவைத்துச் சமைக்கும் வீடுகள் உண்டு என்பதும் மறுப்பதற்கில்லை. அவை விதிவிலக்காக இருப்பதுதான் விஷயம்.

மலையின் தரப்பு

இதுவரை சொன்ன பதில்கள் எல்லாம் ஏறுகிறவரைப் பற்றியவை. ஏறப்படுவது என்ன ஆகிறது என்று கேட்கத் தொடங்கியது சூழலியல். நீலகிரியும் பழனி மலையும் சோலைக்காடும் புல்வெளியும் கலந்த நிலம். மழையைப் பஞ்சுபோல் வாங்கி ஓடைகளில் ஆண்டு முழுவதும் விடுபவை அவை. வெள்ளையர் காலத்திலும் பிறகு வனத்துறையாலும் அங்கே யூகலிப்டஸும் சீகையும் பைனும் நடப்பட்டன. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வின்படி, 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. இதற்குச் சுற்றுலாவைவிட வேற்று மரங்களே முதன்மைக் காரணம். எல்லாப் பழியையும் வார இறுதிக்காரர்மேல் போடுவது நியாயமில்லை. பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடே அந்த இழப்பின் ஒரு பகுதி என்பதும் உண்மை.

கட்டடத்தின் பழி வேறு. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990 முதல் இருக்கிறது. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு வந்தது. ஆனாலும் 1990-களில் கொடைக்கானலில் விதியை மீறி எழுந்த ஒரு விடுதியின் மாடிகள் மாநில அரசியலையே உலுக்கும் வழக்காயின. மசினகுடி அருகே சீகூர் யானை வழித்தடத்தில் எழுந்த ரிசார்ட்டுகளை 2018-இல் மூடச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் அந்த வழித்தடத்தை உறுதிசெய்தது. சரிவை வெட்டிச் சமப்படுத்தி எழும் ஒவ்வொரு வீடும் மழைநீரின் பாதையை மாற்றுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய மழையை வெட்டப்பட்ட சரிவு எப்படித் தாங்கும் என்பதே அச்சம்.

நீதிமன்றம் வாகனங்களை எண்ணத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். பருவ காலத்தில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் தகவல் வைக்கப்பட்டது. 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்கள் என்று வரம்பு வந்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் விலக்கு. அந்த ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் கடைகள் அடைக்கப்பட்டன. வணிகர்களின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. தேயிலை விலை விழுந்த ஊரில் சாக்லேட் கடையும் டாக்ஸியும் ஹோம்ஸ்டேயும்தான் பல வீடுகளின் அடுப்பை எரிக்கின்றன. ஆனால் சுற்றுலாப் பணத்தில் எவ்வளவு மலையிலேயே தங்குகிறது, எவ்வளவு வெளியூர் முதலாளியோடு இறங்கிவிடுகிறது என்று பிரித்துச் சொல்லாதவரை அந்த வாதமும் பாதி வாதமே.

வெளிப்புற நடவடிக்கைகளுக்கும் இதே இருமுகம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளோடும் ஆன்லைன் பதிவோடும் திறந்தது. காட்டோரக் கிராமத்தாரும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். வீடு கட்டாமல் மலையை அனுபவிக்க ஒரு வழி இருக்கிறது என்பதற்கு இது ஒரு சிறு தொடக்கம்.

இன்னும் தீராதவை

சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால், நடப்பது, மரங்களிடையே இருப்பது, வேலையை மறப்பது, கூடியிருப்பது ஆகியவற்றால் நன்மை இருப்பதாகக் கொள்ள ஓரளவு ஆதாரம் உண்டு. அதற்கு 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு வீடு வேண்டும் என்பதற்கு ஆதாரம் மெலிது. மலைக்கு ஆகும் செலவிலோ பெரும்பகுதி அந்த வீட்டோடும் அதற்கு ஏறும் தனிக் காரோடும் வருகிறது. நன்மை ஒரு பக்கமும் கேடு இன்னொரு பக்கமும் இருப்பதால் கொள்கை வகுப்பவருக்கு இது உண்மையில் நல்ல செய்தி. பேருந்தில் வந்து, இருக்கும் விடுதியில் தங்கி, நன்றாக நடந்துவிட்டுப் போகும் குடும்பம் ஏறக்குறைய அதே பயனைப் பெறக்கூடும்.

திறந்தே இருக்கும் கேள்விகள் சில உண்டு. சிறுவயதில் மலைக்குப் போய்வந்த பிள்ளை பெரியவனானதும் காட்டைக் காப்பவனாகிறானா, இன்னொரு காட்டேஜ் வாங்குபவனாகிறானா? கோடை வெப்பம் ஏறிக்கொண்டே போகும் சமவெளியில், மே மாதம் மேலே போவது சுகமா, தேவையா? முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துப் பார்த்தால் சல்லிவன் காலத்து மருத்துவ வாதம் வேறு வடிவில் திரும்பி வரவும் கூடும். வெயிலிலிருந்து தப்பும் உரிமை காட்டேஜ் வாங்க முடிந்தவருக்கு மட்டும்தானா என்ற கேள்வியும் அதோடு வரும்.

மலைகள் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. 2025-இல் வந்த வரம்பு வண்டிகளுக்கு மட்டுமே. மலையில் எத்தனை படுக்கைகள் உள்ளன, அவற்றுக்கு எத்தனை லாரித் தண்ணீர் போகிறது, அந்தக் கழிவுநீர் எந்த ஓடையில் இறங்குகிறது என்பதையும் சேர்த்து எண்ணாமல் போடப்படும் எந்த வரம்பும் அரைகுறைதான்.